சட்டம் அறியாத உறவினர்

சாவிக்காரரை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் எதுவும் செய்யவில்லை என்பதற்காகக் கைது செய்தார்கள். கேலி இல்லை. உத்தரவிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. ‘மேற்படி நபர் இருபத்திரண்டு ஆண்டுகளாக மாற்றுச் சாவி செய்து கொடுத்து வருகிறார். இந்நகரின் எந்தப் பூட்டையும் திறக்கும் ஆற்றல் உள்ளவர். ஆயினும் இதுநாள்வரை எந்த வீட்டுக்குள்ளும் அவர் புகுந்ததாகத் தகவல் இல்லை. இத்தனை நீண்ட பொறுமைக்குப் பின்னால் மிகப் பெரிய திட்டம் ஒன்று இருந்தே தீரும் என்பதில் நான் முழுத் திருப்தி அடைந்து, இவரைத் தடுப்புக் காவலில் வைக்க ஆணையிடுகிறேன்.’ கீழே உயர் அதிகாரியின் கையெழுத்து, அதற்கும் கீழே வட்ட முத்திரை. முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது. திருப்தியில் கை ஆடியிருக்கும்.

சாவிக்காரரின் மனைவி தையல்காரி. ஒரே கடையை நடுவில் திரை போட்டு இரண்டாக்கி, இந்தப் பக்கம் அவர் சாவி அராவிக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் அவள் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருப்பாள். அவளிடம் வருவது பெரும்பாலும் வக்கீல்களின் கறுப்பு அங்கிகள். வாதத்தில் கிழிகிறதோ நாற்காலி ஆணியில் கிழிகிறதோ, கிழிந்தால் அவளிடம்தான் வந்தாக வேண்டும். அவள் உத்தரவை மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறைதான், தன் வீட்டுக்காரர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருப்பது உறைத்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். எதுவும் செய்யலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே என்றாள். எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, பிரச்சினையே அதுதானம்மா என்று திருப்பிக் கொடுத்தார்.

உத்தரவில் எழுதாத சங்கதி ஒன்று உண்டு. அதற்கு எட்டு நாள் முன்பு இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்திருந்தார். புதிதாக வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி யார் வீட்டுக்குள்ளும் எந்த நேரத்திலும் புகுந்து சோதனை போடலாம். ஆனால் ஜனங்கள் இரட்டைப் பூட்டுப் போட ஆரம்பித்துவிட்டதால், கதவைத் தட்டித் தட்டிக் காவலர்களின் விரல் மூட்டு வீங்கிப்போகிறது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆகவே சாவிக்காரரின் அளவு நோட்டில் இருக்கும் சாவிகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு நகல் செய்து ஸ்டேஷனில் கொடுத்துவிட வேண்டும். இனிமேல் செய்யப்போவதற்கும் சேர்த்து. சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, “சாவி அவங்களுதுங்க. அவங்களைக் கேட்டுட்டு வாங்க, செஞ்சு தர்றேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

தையல்காரி நேரே வக்கீலம்மாவிடம் போனாள். வக்கீலம்மாவின் அங்கிக்கு அவள் மூன்று தடவை கை ஒட்டித் தைத்திருக்கிறாள், அந்த உரிமை. பழைய டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், கால் வைத்தால் காகிதத்தில்தான் வைக்க வேண்டும் என்கிற மாதிரி ஓர் அறை. வக்கீலம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. நாற்பது வருஷமாக அரசியல் சாசன வழக்குகளைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அவற்றில் முக்கால்வாசி தோற்றுப்போனவை. தோற்ற வழக்குகளின் தீர்ப்புகளைத்தான் அலமாரியில் முன்வரிசையில் வைத்திருந்தார்.

உத்தரவைப் படித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு எதிரில் இருப்பவர் தெளிவாகத் தெரியக்கூடாது.

“அரசாங்கம்னா என்ன தெரியுமா? நாம வேலைக்கு வச்ச வாட்ச்மேன். வாசல்ல நின்னு பாத்துக்கப்பான்னு கையில ஒரு தடியும் கொடுத்தோம். இப்போ அவன் சொல்றான், வீட்டுக்காரங்க உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுறது எனக்குச் சந்தேகமா இருக்கு, தாழ்ப்பாளைக் கழட்டிக் கொடுங்கன்னு. நமக்கு உரிமையை அவன் கொடுக்கலம்மா. நாமதான் அவனுக்குத் தடியைக் கொடுத்தோம். இதைத்தான் நான் நாப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன். ஒருத்தன் காதுல ஏறல.”

அப்படியானால் நீங்களே வந்து அவர்களிடம் இதைச் சொல்லுங்கள் என்று தையல்காரி கேட்டாள். வக்கீலம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அழுதிருக்கலாமே என்று இருந்தது. தடுப்புக் காவல் வழக்குகளை நீதிமன்றம் விசாரிப்பதில்லை, ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் வக்கீல்கள் நுழையக்கூடாது என்று விளக்கினார். அரசாங்கத்தின் சார்பில் பேச ஆறு அதிகாரிகள் வரலாம். உள்ளே இருப்பவருக்காக ஒரே ஒருவர் பேசலாம். அவர் ‘சட்டம் அறியாத நெருங்கிய உறவினராக’ இருக்க வேண்டும். விதி அப்படி.

“அதாவது, பேசத் தெரிஞ்சவங்க வெளியே நிக்கணும், தெரியாதவங்க உள்ளே போய்ப் பேசணும்?”

“புரிஞ்சுக்கிட்டியே. இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.”

ஆகவே பதினான்கு நாள், தினமும் கடை அடைக்கும் முன் ஒரு மணி நேரம், வக்கீலம்மா வந்து தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். தையல்காரிக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் நூற்றைம்பது வக்கீல்களின் தோள் அளவும் கை அளவும் மனதில் வைத்திருப்பவளுக்குச் சாசனத்தின் பிரிவுகள் ஒரு பொருட்டா? கழுத்து பதினைந்தரை என்பது மாதிரி, கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது பன்னிரண்டாம் பிரிவு, வீட்டுக்குள் நுழைய அனுமதிச்சீட்டு வேண்டும் என்பது பதினேழு என்று, இயந்திரத்தை மிதித்துக்கொண்டே உருப்போட்டுவிட்டாள். வக்கீலம்மாவுக்கே ஆச்சரியம். தன் ஜூனியர்களுக்கு இதில் பாதி தெரியாது என்றார்.

அங்கேதான் இருவரும் தப்புச் செய்தார்கள்.

ஆலோசனைக் குழுவின் அறை குளுகுளுவென்று இருந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். இவரும் ஒரு காலத்தில் சாசன வக்கீல்தான். நம் வக்கீலம்மாவும் இவரும் ஒரே சீனியரிடம் தொழில் பழகியவர்கள். ‘தனிமனித சுதந்திரம்’ என்று எண்ணூறு பக்கத்தில் புத்தகம் எழுதி, அதை எழுதியதற்காகவே இந்தப் பதவியைப் பெற்றவர். வக்கீலம்மா வெளியே தாழ்வாரத்தில், செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் தையல்காரியை மிகுந்த பிரியத்தோடு உட்காரச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு பேசினார்.

“சுதந்திரம்கிறது பீங்கான் பாத்திரம் மாதிரிம்மா. புழங்கினா உடையும். அதனாலதான் அரசாங்கம் அதைப் பத்திரமா அலமாரியில வச்சிருக்கு. நான் இதைப் பத்தி எண்ணூறு பக்கம் எழுதியிருக்கேன். எழுநூத்தித் தொண்ணூறு பக்கம் சுதந்திரம். கடைசிப் பத்துப் பக்கம் விதிவிலக்கு. இந்தக் குழு அந்தப் பத்துப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கும். மத்ததை எல்லாம் நீங்க நூலகத்துல எப்ப வேணும்னாலும் படிச்சுக்கலாம். அதுக்கு எந்தத் தடையும் கிடையாது.”

இரண்டாம் உறுப்பினர் இதைக் கேட்டு உருகிப்போய்த் தலையை ஆட்டினார். மூன்றாம் உறுப்பினர் வந்ததிலிருந்தே தலையை ஆட்டிக்கொண்டிருந்ததால் அவருக்கு வேலை மிச்சம்.

தையல்காரி எழுந்து, படித்ததை ஒப்பித்தாள். பன்னிரண்டாம் பிரிவின்படி என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும் என்றாள். வாக்கியம் முடியவில்லை, அறை அதிர்ந்துவிட்டது. அரசாங்கத் தரப்பு அதிகாரிகள் ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பிரிவு எண்ணைச் சொல்கிறார் என்றார் ஒருவர். அதுவும் சரியாகச் சொல்கிறார் என்றார் இன்னொருவர். தலைவர் முகம் வாடிப்போயிற்று. ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று தெரியுமா என்று மெல்ல, குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். நல்ல பேர் கிடைக்கும் என்று நினைத்து, பாவம், சிறைப்பட்டவரை நீதிபதி முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு என்று அவள் அழகாகச் சொல்லிவிட்டாள்.

குழு கலந்து பேசியது. மேற்படி பெண்மணி சட்டம் அறிந்தவராகிவிட்டபடியால் உறவினராகப் பேசும் தகுதியை இழக்கிறார் என்று தீர்மானமாயிற்று. தலைவர் கருணையுள்ளவர். அவள் தகுதியை மறுபடி பெற இரண்டு மாத அவகாசம் கொடுத்தார். அதற்குள் படித்தது அனைத்தையும் மறந்து, மறந்துவிட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் பத்திரத்தை வக்கீல் யாரும் எழுதியிருக்கக் கூடாது. அதுவரை சாவிக்காரர் உள்ளேயே இருப்பார்.

தாழ்வாரத்தில் வக்கீலம்மா இதைக் கேட்டார். மடியில் இருந்த அங்கியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் மூன்று தடவை ஒட்டிய கை, நாலாவது தடவையாகக் கிழிந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தையல்காரி பத்திரத்தோடு போனாள். எனக்கு இப்போது எதுவும் தெரியாது என்று தன் கைப்பட எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகள் நான்கு. அவற்றைப் பார்த்து இரண்டாம் உறுப்பினர் பெரிதும் திருப்தி அடைந்தார். ஆனால் பேச ஆரம்பிக்கலாம் என்றபோது கோப்பைக் காணோம். கோப்பு இரும்பு அலமாரிக்குள் இருந்தது, அலமாரியின் சாவியைத்தான் காணோம். குமாஸ்தா இழுப்பறைகளைக் கவிழ்த்தார். வழக்கமாக இதற்கு ஒருவரைக் கூப்பிடுவோம் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஊரில் இருந்த ஒரே சாவிக்காரர் சிறையில் இருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வெண்ணெயை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு அலைந்தவர்கள் இவர்கள்தான்.

ஒரு மணி நேரத்தில் எட்டுக் காவலர்கள் சூழ, விலங்கோடு, சாவிக்காரரைக் கொண்டுவந்தார்கள். இளைத்துப்போயிருந்தார். சட்டை தோளில் தொங்கியது, ஒன்றரை அங்குலம் பிடிக்க வேண்டும் என்று அவள் கண் தானாகவே அளந்தது. விலங்கைக் கழற்றி, அலமாரியைக் காட்டி, திறக்கச் சொன்னார்கள். அவரிடம் கருவி எதுவும் இல்லை. அவளைப் பார்த்தார். அவள் தோளில் எப்போதும் குத்தியிருக்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஊக்கை நிமிர்த்தி, நுனியை வளைத்து, காதை வைத்துக் கேட்டு, ஒன்றரை நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாம் உறுப்பினர் தன்னை மறந்து கைதட்டினார்.

கைதட்டல் அடங்குவதற்குள் அரசாங்கத் தரப்பு அதிகாரி எழுந்து, புதிய ஆதாரம் ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். ரகசிய ஆவணங்கள் உள்ள அரசாங்க அலமாரியை, மாசற்ற மூன்று சாட்சிகளின் கண்ணெதிரே, வெறும் ஊக்கைக் கொண்டு, தொண்ணூறு விநாடியில் திறந்திருக்கிறார். இப்படிப்பட்டவரை வெளியே விடலாமா? மூன்று சாட்சிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, விடக்கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். காவல் ஒரு வருஷம் நீட்டிக்கப்பட்டது.

சாவிக்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது, “நீங்கதானேங்க திறக்கச் சொன்னீங்க?” என்று கேட்டார்.

“சொன்னோம். நீங்க மறுத்திருக்கலாமே?” என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. “மறுக்கிற உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. நூத்திப் பதினாலாம் பக்கத்துல எழுதியிருக்கேன். நீங்க அதைப் பயன்படுத்தலை.”

“போன தடவை மறுத்ததுக்குத்தானே உள்ளே வந்தேன்.”

குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் சைகை காட்டினார்.

தையல்காரி எழுந்தாள். இரண்டு மாதம் முயன்று மறந்ததெல்லாம் நிஜமாகவே மறந்துபோய், எஞ்சியிருந்த ஒன்றை மட்டும் கேட்டாள். “அவர் என்னதாங்க செஞ்சாரு?”

தலைவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். செய்ததைப் பற்றி விசாரிக்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது என்றார். வக்கீல், சாட்சி, ஜாமீன், விடுதலைத் தேதி எல்லாமே அங்கே உண்டு, ஆனால் அவை குற்றம் செய்தவர்களுக்கான பாதுகாப்புகள். “உங்க வீட்டுக்காரர்தான் எதுவும் செய்யலையேம்மா. எதுவும் செய்யாதவருக்கு அதையெல்லாம் நாங்க எப்படிக் கொடுக்க முடியும், நீங்களே சொல்லுங்க.”

சிறையில் சாவிக்காரரின் அறையில் பூனை என்று ஒரு திருடன் இருந்தான். ஓடு பிரித்து இறங்குவதில் கெட்டிக்காரன், அதனால் அந்தப் பேர். அவனைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தார்கள். பிடித்த மறுநாளே நீதிபதி முன் நிறுத்தினார்கள். அவனுக்காகப் பேச அரசாங்கமே ஒரு வக்கீலை அமர்த்தியது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்தார்கள், எழுத்து மங்கலாக இருக்கிறது என்று அவன் சொன்னதும் வேறு பிரதி கொடுத்தார்கள். பதினோராம் நாள் ஜாமீனில் வெளியே போனான். போகும்போது சாவிக்காரரைப் பார்க்க அவனுக்கே சங்கடமாக இருந்தது. “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. என் பேர்ல இன்னும் நாலு கேஸ் துப்புத் துலங்காம இருக்கு. ஒண்ணை நீங்க எடுத்துக்கங்க” என்றான். மனுஷன் திருடன்தான். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் சாவிக்காரருக்கு எதையாவது கொடுக்க முன்வந்தவன் அவன் ஒருவன்தான்.

பார்வையாளர் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாவிக்காரர் இதைச் சொன்னபோது தையல்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பூனை தருவதாகச் சொன்ன வழக்கு, சந்தை வீதி மாடி வீட்டில் காணாமல்போன தைத்த பட்டுத் துணிகளும் ஒரு கடிகாரமும். திருட்டுக்கு மூன்று மாதம் கொடுப்பார்கள், மூன்று மாதம் முடிந்தால் வீட்டுக்கு வரலாம். எண்ணி முடிக்கக்கூடிய நாட்கள். ஒப்புக்கொண்டு மனுப் போடப்போகிறேன் என்றார். ஊரெல்லாம் திருடன் என்று சொல்லுமே என்று அவள் இழுத்தாள். “சொல்லட்டும். வீட்டுக்கு வந்து கேட்டுக்கறேன்” என்றார்.

வக்கீலம்மா அந்த மனுவை எழுத மறுத்துவிட்டார். உண்மையைச் சொல்லித் தோற்பது பழகிவிட்டது, பொய் சொல்லி ஜெயிக்க மாட்டேன் என்றார். பிறகு நிரபராதி ஒருவன் திருடனாவதற்கு ஆசைப்படும் அளவுக்கு இந்த நாட்டைக் கொண்டுவந்து விட்டார்களே என்று மேஜையில் ஓங்கி அறைந்தார். ஆனாலும் விசாரணை நாளன்று நீதிமன்றத்தில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

சாவிக்காரர் தானே எழுதிய மனுவை நீதிபதி படித்தார். அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்து, கடுமையாக ஆட்சேபித்தார்.

“இந்த மனிதர் அப்பழுக்கற்றவர், ஐயா. இருபத்திரண்டு வருஷத்துல ஊரார் சாவி பத்தாயிரம் இவர் கையில புழங்கியிருக்கு. ஒரு குண்டூசி காணாமப் போனதில்லை. இப்படிப்பட்ட யோக்கியர், திருடர்களுக்கு மட்டுமே உரிய உரிமைகளை மோசடியா அனுபவிக்கப் பார்க்கிறார். இதை அரசாங்கம் அனுமதிக்காது.”

சாட்சியாக இன்ஸ்பெக்டரே வந்தார். சாவிக்காரரைப் போல நாணயமானவரைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்து சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நீதிபதிக்கு வேறு வழி இல்லை. மனுதாரர் முற்றிலும் குற்றமற்றவர், அவருடைய நடத்தையில் கறை எதுவும் இல்லை என்று தீர்ப்பு எழுதினார். தீர்ப்பைக் கேட்டதும் காவலர்கள் சாவிக்காரரின் இரண்டு கையையும் பிடித்து வேனில் ஏற்றினார்கள். குற்றமற்றவர் என்று இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகிவிட்டதல்லவா? வேன் சிறைக்குப் போனது.

தையல்காரி படியில் நின்று பார்த்தாள். கையில் தீர்ப்பின் நகல் இருந்தது. இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? இத்தனை மாதமாக மேஜைக்கு மேஜை, ஐயா ஐயா என்று குனிந்து நின்றது எல்லாம் சேர்ந்து அவளுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். அது அழுகை இல்லை.

நீதிமன்ற வாசலில் தலைவரின் கார் நின்றது. அவருடைய புத்தகத்தின் புதிய பதிப்பை வக்கீல்கள் சங்க நூலகத்தில் வெளியிடுகிறார்கள், அதற்காக வந்திருந்தார். மனு எழுதுபவரின் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கருங்கல் வைத்திருந்தார்கள். தையல்காரி அவரிடம், அண்ணே, கொஞ்சம் எடுத்துக்கறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்காமல் எடுத்தால் அது தனிக் குற்றமாகி, விஷயம் குழம்பிவிடும். காருக்கு முன்னால் போய் நின்று, குறி பார்த்து, முன் கண்ணாடியில் போட்டாள். கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். அவள் ஓடவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள்.

“இது குற்றம்தானே?”

“குற்றம்தான். என்ன காரியம் பண்ணிட்டீங்க?”

“செஞ்சிருக்கேன்ல? நிஜமாவே செஞ்சிருக்கேன்ல? அப்ப என்னைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அன்று மத்தியானமே அதே நீதிபதி முன் நிறுத்தினார்கள். உரிமைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் காலடியில் விழுந்தன. குற்றச்சாட்டைப் படித்துக் காட்டினார்கள். புரிந்ததா என்று இரண்டு தடவை கேட்டார்கள். உட்கார நாற்காலி கொடுத்தார்கள். உங்களுக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, தெரியுமா என்று நீதிபதி கேட்டதும், முதல் பெஞ்சிலிருந்து வக்கீலம்மா எழுந்தார். கை கிழிந்த அங்கியை அப்படியே மாட்டிக்கொண்டு முன்னால் வந்து, “நான்தான், ஐயா” என்றார். இத்தனை மாதத்தில் இந்தக் குடும்பத்துக்காக அவர் சட்டப்படி பேசிய முதல் வார்த்தை அது.

அரசு வழக்கறிஞருக்கு ஏதோ விபரீதம் என்று பட்டுவிட்டது. தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார், வழக்கைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவசரமாகச் சொன்னார். தலைவரும் பின்னால் நின்று, மன்னித்தேன் மன்னித்தேன் என்று கையை அசைத்தார்.

“என் கட்சிக்காரர் மன்னிப்பை ஏற்க மறுக்கிறார்” என்றார் வக்கீலம்மா. “அவர் கல்லெறிந்ததை நூறு பேர் பார்த்திருக்கிறார்கள். அவரை விசாரிக்காமல் விடுவது சட்டவிரோதம்.”

நீதிபதி தையல்காரியிடம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். செஞ்சேங்க, ஏன் செஞ்சேன்னு சொல்லணும் என்றாள். அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார். நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது, நானும் தடுக்க முடியாது என்றார். தட்டச்சு செய்பவர் புதுத் தாளைச் செருகினார்.

தையல்காரி ஆலோசனைக் குழுவிலிருந்து ஆரம்பிக்கவில்லை, அலமாரியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள். ஊரில் உள்ள எல்லா வீட்டுச் சாவிக்கும் ஒரு நகல் ஸ்டேஷனுக்கு வேண்டும் என்று கேட்டதையும், சாவி அவங்களுது என்று தன் வீட்டுக்காரர் சொன்னதையும் சொன்னாள். எந்தக் காகிதத்திலும் இல்லாத அந்த விஷயம் முதல்முறையாகத் தாளில் ஏறியது. பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கை தானாகச் சட்டைப்பைக்கும் இடுப்புக்கும் போனது.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“எல்லா வீட்டுச் சாவியுமா?”

“ஆமாங்க.”

“அவர் உள்ளே போறதுக்கு முந்தின மாசம்தான் நான் அவர்கிட்ட இரட்டைப் பூட்டு வாங்கிப் போட்டேன். அதுவுமா?”

“அளவு நோட்டுல உங்க வீடு மூணாவது பக்கத்துல இருக்குங்க, ஐயா. அதுக்கும் சேத்துத்தான் கேட்டாங்க.”

நீதிபதி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். அரசு வழக்கறிஞர் தன் வீட்டுக்கும் பூட்டுப் போட்டவர் அதே ஆள்தான் என்பது அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தவராக, தலைவரைப் பார்த்தார். நாற்பது வருஷமாக வக்கீலம்மா தொண்டை வறள எடுத்துச் சொல்லியும் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் ஏறாத அரசியல் சாசனம், நீதிபதி வீட்டுக் கதவு என்றதும் எல்லோருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. வக்கீலம்மாவுக்கு இதில் சந்தோஷம் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சாவிக்காரரை விட்டுவிட்டார்கள். முன்னர் அடைந்த திருப்தியைத் தற்போது நான் இழந்துவிட்டேன் என்று உயர் அதிகாரி ஒரு வரியில் உத்தரவு போட்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. தலைவரின் புத்தகத்தில் அடுத்த பதிப்பில் விதிவிலக்குகள் பத்துப் பக்கத்திலிருந்து நாற்பது பக்கமாக வளரப் போவதாகப் பதிப்பாளர் அறிவித்தார்.

கண்ணாடி உடைத்ததற்குத் தையல்காரிக்குப் பன்னிரண்டு நாள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் சாவிக்காரர் பார்க்க வந்தார். இப்போது வலைக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். உனக்கு இப்படி ஆகிவிட்டதே என்றார். “எனக்கென்னங்க குறை? பன்னெண்டு நாள்னா பன்னெண்டு நாள். வர்ற புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு விட்டாகணும், ஒரு நிமிஷம் கூட வச்சிருக்க முடியாது. நான் குற்றவாளி” என்றாள்.

நேற்று இன்ஸ்பெக்டர் மறுபடி கடைக்கு வந்தார் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மிகவும் மரியாதையாக, எழுத்து மூலமாகவே கேட்டாராம். நீதிபதிகள், அதிகாரிகள், அரசு வழக்கறிஞர்கள் வீடுகளை விட்டுவிட்டு, மற்ற வீட்டுச் சாவிகள் மட்டும் போதுமாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சாவி அவங்களுது, அவங்களைக் கேட்டுட்டு வாங்கன்னு சொன்னேன்.”

அவள் வலையில் விரலைக் கோத்துக்கொண்டு அவரை நன்றாக ஒரு தடவை பார்த்தாள். பிடித்துத் தைக்க ஆளில்லாமல் சட்டை இன்னும் தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

“நல்லாச் சொன்னீங்க. ஆனா புதன்கிழமை வரைக்கும் சும்மா இருக்காதீங்க, ஆபத்து. போற வழியில அந்த ஸ்டேஷன் ஜன்னல் ஒண்ணையாவது உடைச்சிட்டுப் போங்க.”